கயிறு யார் கையில்

எங்கள் தெருவில் ரகசியம் எதுவும் தங்காமல் போனதற்குப் பெரியம்மாவின் தொண்டைதான் காரணம். அவள் புருஷன் இளவயதிலிருந்தே சங்கு குளிக்கப் போனவர். ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதும் அடைத்துப்போய், கோயில் மணியைப் பக்கத்தில் நின்று அடித்தாலும் திரும்பிப் பார்க்காத மனிதராகிவிட்டார். அவரிடம் பேசிப் பேசியே அவளுக்குக் குரல் அப்படி ஆகிவிட்டது. சாப்பிட வாரீயளா என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டால், கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்கள் இந்தா வாரோம் என்பார்கள்.

யாருக்கும் அவள் சொந்தப் பெரியம்மா இல்லை. தூத்துக்குடியின் தெற்கு ஓரத்தில், கடலை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவள் பெரியம்மாதான். கட்டையான உருவம், இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை, கையில் எப்போதும் யாருடைய குடமோ, யாருடைய பிள்ளையோ. கதைகளில் வருகிற மாதிரி அவள் வாழ்க்கையில் பெரிய சோகம் ஒன்றும் கிடையாது. புருஷன் கடலில் போய்ச் சேரவில்லை. காது கேட்காமல், பசியெடுத்தால் மட்டும் எழுந்து வருகிற மனிதராக நன்றாகவே இருந்தார். மகன்கள் இரண்டு பேரும் மீன்பிடி வள்ளத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். யாராவது அதைக் குத்திக்காட்டினால், அப்ப எனக்குத் தோணல, இப்பதான தோணுது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவளுக்கு அப்படி என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டுமானால் முத்துக்குளிப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் விவரம் தெரிந்து பார்க்கையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது. ஆனால் அதன் வழக்கங்கள் எங்கள் வீடுகளில் அப்படியே இருந்தன. முங்குகிறவனுக்கு மேலே, வள்ளத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான். அவன் முங்குகிறவனின் மச்சானாக இருக்க வேண்டும், அதாவது பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவனாக. அவன் அசந்துபோனால் தாலி இழப்பவள் அவனுடைய அக்காவோ தங்கையோதான். தன் வீட்டில் இழவு விழும் என்று தெரிந்தவன் வேடிக்கை பார்க்க மாட்டான். கீழே ஆள் இருக்கிற வரைக்கும் கயிறு கை மாறக்கூடாது என்பதும் வழக்கம். தாகம் எடுத்தாலும் சரி, கரையில் வீடு தீப்பற்றினாலும் சரி.

இந்த வழக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரியம்மா பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் என்பது வேறு வேலை இல்லாத நாளில் போய்வருகிற இடம். பிள்ளையை அனுப்பக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் பிடிக்க ஆள் வேண்டும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், காயப்போட்ட கருவாட்டுக்குக் காக்காய் விரட்ட ஆள் வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள் என்று ஆரம்பித்து ஒரு வாரமாகி, பிறகு வாத்தியாரைக் கண்டால் சந்துக்குள் ஒளிகிற பிள்ளையாகிவிடும். அப்படித்தான் நின்றார்களே ஒழிய யாரும் முடிவெடுத்து நிறுத்தியதில்லை.

பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. தெரியவில்லையே என்று அவள் வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை. பிள்ளையைப் படிக்க வை, பெரிய ஆளாக வரும் என்கிற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது. ஒரு பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தன் சாதாரணக் குரலில் கேட்பாள்.

"ஏளா, புள்ளைய முங்க விட்டிருக்கியே, மேல கயிறு யாரு?"

சாதாரணக் குரல் என்றால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். வீட்டுக்காரர்கள் சிரித்து மழுப்பப் பார்ப்பார்கள். அவள் நகர மாட்டாள். யாராவது ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அந்த ஆள் மாட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்த வீட்டு வேலை அன்றிலிருந்து அவருடையது. பிள்ளை ஒரு நாள் நின்றாலும் தெரு கேட்பது பிள்ளையை அல்ல, அவரைத்தான்.

ஆள் பிடிப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நல்ல மனசுக்காரர்களை அவள் தேட மாட்டாள். நல்ல மனசு நாலு நாளைக்குத்தான் வரும் என்பாள். யாருக்கு வலிக்குமோ அவரைத் தேடுவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூன்றாம் வகுப்போடு ஒரு பெண்ணை நிறுத்தியபோது, வள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அண்ணனைப் பிடித்தாள். நாளைக்கு இவளைக் கட்டிக்கொடுத்து, அங்கே எதுவும் சரியில்லை என்றால் மூட்டையோடு யார் வீட்டுக்கு வந்து நிற்பாள், ஒன் வீட்டுக்குத்தானலே என்று கேட்டாளாம். அந்த முரட்டுப் பயல் கடலிலிருந்து வந்ததும் வராததுமாகக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பான். கூட்டாளிகள் அவனுக்குத் தாதி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் இரண்டு பேர் அடுத்த வருடம் அதே மாதிரி நடந்தார்கள்.

சிறுபிள்ளைகளையும் அவள் விடவில்லை. நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவருக்கொருவர் கயிறு. அவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய பாடத்தை நான் போய்ச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக் குடம் வரிசையில் நின்றால் நான் பிடித்துக் கொடுத்து அவளைக் கிளப்ப வேண்டும். எங்களுக்குள் சண்டை வந்து பேச்சு நின்ற மாதங்களில்கூட இது நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே பாடம் ஒப்பிப்போம்.

சிரிப்பாகவும் ஒன்று நடந்தது. சங்கு குளிக்கிற ஒருத்தர் தன் மகனுக்குத் தானே கயிறு என்று ஒப்புக்கொண்டார். கடல் கலங்கி, குளிப்பு இல்லாத மாதம் அது. மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். மணி அடித்து மகன் வெளியே வந்ததும் கூட்டிக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. யாராவது பேச்சுக் கொடுத்தால் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் கயிறு பிடிக்கிறவன் பேசக்கூடாது. பள்ளிக்கூடத்து சிஸ்டர்மார் பயந்துபோய்ப் பெரியம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். தெருவே சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. அந்த மனுசன் சரியாத்தான் நிக்கான், நிக்குத நேரத்துக்கு அவனுக்கு ஒரு வேலை குடுங்க என்று சிஸ்டரிடம் சொன்னாள். கேட்டுக்கு உள்ளே வந்து அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பங்கன்றுகள் ஒன்றுகூடப் பட்டுப்போகாமல் பிழைத்தது அந்த வருடம்தான்.

எல்லாருக்கும் ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் இருந்தாள். அம்மா இல்லை, அப்பா கீழவைப்பார்ப் பக்கம் மீன்பிடிக்கப் போய் மாதக்கணக்கில் தங்கிவிடுவார். அந்தப் பெண்ணுக்கு வலித்தால் தனக்கு வலிக்கும் என்று சொல்ல ஒரு ஆளைப் பெரியம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பெரியம்மா உப்பளப் பாதை வழியாக நடந்து நான் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவாள். நான் சரியாத் தேடல என்று ஒரே ஒரு தடவை என் அம்மாவிடம் சொன்னாளாம்.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பில் நான் இருந்தபோது என் அத்தை, அப்பாவின் அக்கா, தன் கடைசி மகனுக்கு என்னைக் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. என்றைக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை மகன் புதுத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சாமான் இறக்குகிற வேலையில் இருந்தார். ஆள் நல்லவர்தான். இதை எழுதும்போது பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். சிக்கல் அவரில் இல்லை, நாளில் இருந்தது. தவசு காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. பெரிய பரீட்சை வருவதோ தவசு காலத்தின் நடுவில். ஈஸ்டர் கழியும்வரை காத்திருக்க அத்தைக்கு மனசில்லை. தவசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் தாலி கட்டிவிட வேண்டும் என்றாள். கல்யாணமான பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான் டீச்சர் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பரீட்சையோடு முடிந்துவிடும்.

அப்பா அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா அழுதாள், அழுதுகொண்டே மஞ்சள் இடித்தாள். நான் சோறு உண்ணாமல் கிடந்து பார்த்தேன். என் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் பசித்தது.

மூன்றாம் நாள் பெரியம்மா அத்தை வீட்டுக்குப் போனாள். நான் எங்கள் வீட்டிலிருந்தே கேட்டேன், கேட்காமல் இருக்க வழியில்லை. கல்யாணத்தை நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. நல்ல சம்பந்தம் என்றாள், பையன் தங்கம் என்றாள். பிறகு கேட்டாள்.

"ஒன் புருசன் முத்துக் குளிக்கப் போனப்ப மேல கயிறு யாரு கையிலளா இருந்துது?"

தெருவுக்கே பதில் தெரியும். என் அப்பாதான்.

"அத்தன வருசம் ஒன் தாலி ஒன் தம்பி கையில இருந்துது. ஒரு நாளாவது அவன் அங்கன இங்கன பாத்தானா? இப்ப அவன் மவ முங்கியிருக்கா. நீ பிடிக்க மாட்டியா?"

அன்று சாயங்காலம்வரை அத்தை வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மறுநாள் விடியும்போது அத்தை எங்கள் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அத்தை சாதாரணப்பட்டவள் இல்லை. அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க இரண்டு மருமக்கள் இருந்தார்கள். அவள் வரிசையில் வந்து நின்றதும் குழாயடியே திரும்பிப் பார்த்தது. என் தம்பியைக் குளிப்பாட்டினாள், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாள், காக்காய் விரட்டினாள். இதில் எதையும் முகம் மலர்ந்து செய்தாள் என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்தால் உம்மென்று இருப்பாள். நான் புத்தகத்தை மூடினால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்த மாதிரி நான் எந்த டீச்சருக்கும் பயந்தது கிடையாது.

விபூதிப் புதன் கல்யாணம் இல்லாமலே கழிந்தது. பரீட்சை வந்தது. தினமும் அத்தைதான் கூட வந்தாள். நான் உள்ளே போனதும் கேட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் நிற்பாள். உட்கார மாட்டாள்.

கணக்குப் பரீட்சை அன்று நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து, துறைமுகத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். பெட்டி இறக்கும்போது அத்தை மகனின் வலது கை சங்கிலியில் சிக்கிக்கொண்டது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொன்னார். ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். பெரியம்மா அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டில் இருந்த காவல்காரர் பிறகு என்னிடம் சொன்னது இது.

பெரியம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாளாம். நீ போளா, நான் இங்கன நிக்கேன் என்றாளாம். அத்தைக்கு முகமெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"உயிருக்கு ஒண்ணும் இல்லேல்லா?"

"இல்லன்னுதான் சொல்லுதான். கை போச்சா இருக்கான்னு தெரியல. போளா நீ."

"கயிறு கை மாறலாமா யக்கா?"

"கிறுக்கி, இது கடலாளா? பள்ளிக்கூடம். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

இத்தனை வருடம் தெருவையே பிடித்து ஆட்டிய பேச்சை வெறும் பேச்சு என்று அவளே சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் அத்தையின் காலைப் பிடிக்கக் குனிந்தாளாம். அத்தை அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஒனக்கு அது பேச்சு. என் தம்பி எனக்காக நின்னது பேச்சு இல்ல. அவ மேல வரட்டும், கூட்டிட்டு வாரேன். நீ போயி என் மவன்கிட்ட இரி."

பெரியம்மா அந்த வெயிலில் செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிவரை ஓடினாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. கணக்கு எளிதாக இருந்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை மரத்தடியில் நின்றாள். எழுதிட்டியா என்று மட்டும் கேட்டாள். எழுதிட்டேன் அத்தை என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவணும் என்றாள். வழியெல்லாம் அவள் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு அவர் கண்ணை மூடிக் கிடந்தார். பெரியம்மா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க அவருடைய ரத்தம். அத்தை தன் மகன்மேல் விழுந்து அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு அழுகையையும் அவள் பூவரச மரத்தடியில் அடக்கி வைத்திருந்திருக்கிறாள், எனக்காக. ஒரு தாயை அப்படி நிற்க வைக்கிற வழக்கம் என்ன வழக்கம் என்று எனக்குப் பெரியம்மாமேல் அன்றைக்குக் கோபம்கூட வந்தது. அவளுக்கே அவள்மேல் வந்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

அழுகை ஓய்ந்ததும் பெரியம்மா பேசினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. போதும்ளா, நான் சொன்னதையெல்லாம் விட்டுரு, நாளையிலேர்ந்து நீ இங்கன ஒன் புள்ளகிட்ட இரி என்றாள். நானும் சொன்னேன், மிச்சப் பரீட்சை எனக்கு வேண்டாம் என்று. மனசாரத்தான் சொன்னேன். இன்னும் இரண்டு பரீட்சை இருந்தது. எழுதாவிட்டால் அந்த வருடம் போச்சு, அந்த வருடம் போனால் எல்லாம் போச்சு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"நாளைக்கு என்ன பரீச்ச?"

சயின்ஸ் என்றேன்.

"அம்மா, நீ அவளக் கூட்டிட்டுப் போ. எனக்குப் பெரியம்மா இருக்காவ."

பெரியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஊருக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுத்தவள் அவள். அவளையே ஆளாக இருக்கச் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் கட்டுப்போடாத கையை அவள் பக்கமாக நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் சயின்ஸ் எழுதினேன். அத்தை மரத்தடியில் நின்றாள். முடித்துவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா அதே ரத்தக்கறைச் சேலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கி வைத்துவிட்டுப் போன டீ பக்கத்தில் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அவள் புருஷன் அவளைத் தேடி வந்து, வெளியே வராந்தாவில் பசியோடு குந்தியிருந்தார். எங்களைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அத்தை கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து, மகனின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பெரியம்மா விட்டாள்.